உண்ணாத மருந்து



நோயுற்றவனுக்கு மருந்து கிடைக்காமற் போவது ஒரு துன்பம். கைக்குக் கிடைத்துவிட்ட மருந்தை அவன் உண்ணாமற் போவது மற்றொரு துன்பம். முன்னதைப் பற்றிச் சட்டமன்றத்திலும் பேசுகிறார்கள், செய்தித்தாளிலும் எழுதுகிறார்கள். பின்னதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலோ, “சொன்னதைக் கேட்காதவர்களுக்கு நாம் என்ன செய்வது?” என்ற ஒரே வரியோடு அது பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த ஒரு வரியை நானும் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு தவறான வரி என்பதை எனக்கு உணர்த்திய சில செய்திகளையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். அரசாங்க ஏட்டில் மருந்தாளுநர். எங்கள் பக்கத்து மக்கள் வாயில், ஓய்வு பெற்ற நாள் வரையில் ‘கம்பவுண்டர்’. மருத்துவர் எழுதிய சீட்டை வாங்கி, மாத்திரையை எண்ணி, உறையில் இட்டு, “காலையில் ஒன்று, இரவில் ஒன்று” என்று சொல்லிக் கொடுப்பது என் தொழில். சன்னலுக்கு இந்தப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றிருக்கிறேன். மாத்திரை அந்தச் சன்னலைத் தாண்டிப் போன பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பது எங்கள் பதிவேடு எதிலும் இராது. ஆனால் அந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பே, பன்னிரண்டு வயதில், அதை நான் கண்ணால் கண்டவன்.

கொள்ளிடத்தின் வடபுறத்தில், சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் போகும் சாலையில் குமராட்சி இருக்கிறது. இன்று கடலூர் மாவட்டம்; நான் சிறுவனாக இருந்தபோது தென்னாற்காடு மாவட்டம். கீழணையில் தேங்கும் நீர் வாய்க்கால்களாகப் பிரிந்து வந்து பாயும் நெற்பூமி. எங்கள் பெரியப்பா அந்தப் பூமியில் இரண்டு காணி நிலம் வைத்துத் தாமே உழுது பயிரிட்டவர். 1967இல் அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. அந்நாளில் அந்தப் பெயரை வீட்டில் உரக்கச் சொல்ல மாட்டார்கள். “பெரிய இருமல்” என்பார்கள். அவருக்கென்று தனி டம்ளர், தனித் தட்டு. அவர் படுக்கை தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது.

ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரைகளுள் ஒன்றின் பெயர் பாஸ். அந்தக் காலத்துப் பாஸ் என்றால் என்ன என்பதை இன்றைய மாணவர்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழப் பத்துக் கிராம் உண்ண வேண்டும். அரை கிராம் மாத்திரையாகக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு இருபது. அதை ஓராண்டுக்கு மேலும் உண்ண வேண்டும். குமட்டும், வயிறு கழியும். நடவுக்காரர்களோடு சேற்றில் நிற்கும் ஒருவருக்கு அது எத்தகைய சங்கடம் என்பதை நான் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாதம் ஒரு முறை மருந்து வாங்கப் போகும்போது பெரியப்பா என்னையும் உடன் அழைத்துச் செல்வார். பஸ்ஸில் போவதும், திரும்பும்போது சிதம்பரம் கடைத்தெருவில் எதையாவது வாங்கித் தின்பதும் எனக்குத் திருவிழா. சிகிச்சை நிலையத்தில், “தவறாமல் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்பார்கள். “ஆமாம்” என்பார். அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவார்கள். நானும், “ஆமாம், பெரியப்பா சாப்பிடுகிறார்” என்பேன். மூன்று மாதத்தில் இருமல் நின்றது. உடம்பு தேறியது. பழையபடி வயலுக்குப் போனார். அவர் மாத்திரையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன், உண்டதைப் பார்த்ததில்லை. “சொல்லாதேடா, தம்பி” என்று ஒருமுறை சொன்னார். நான் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு இருமல் திரும்பி வந்தது. இம்முறை மருந்துக்கு அது அசையவில்லை. அறுவடை முடிவதற்குள் பெரியப்பா காலமானார். அறுவடைக்குப் பின் கூரை மாற்றுவது எங்கள் ஊர் வழக்கம். தாழ்வாரத்துப் பழைய கீற்றைப் பிரித்தபோது, மூங்கில் இடுக்குகளில் செருகியிருந்த காகிதப் பொட்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மாத்திரைகள் ஈரம் பட்டுப் பழுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பெரியம்மா அவற்றைப் பொறுக்கி முறத்தில் போட்டாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. நான் சொன்ன ‘ஆமாம்’ எத்தனை என்று அன்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன்.

தொழில் கற்கப் போன காலத்தில்தான், எங்கள் வீட்டுக் கூரையைப் பற்றிய கேள்வியை, அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே சென்னைச் சேத்துப்பட்டில் சிலர் கேட்டு ஆராய்ந்திருந்தார்கள் என்று படித்தேன். அந்த வரலாறு உலக மருத்துவத்தில் ஓர் அத்தியாயம். நம் மாநிலத்தில் நடந்தது என்பதற்காகவேனும் நீங்கள் அதை அறிந்திருக்க வேண்டும்.

காசநோய்க் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1882 மார்ச்சு 24ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். அதன் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலும் அதைக் கொல்லும் மருந்து கிடைக்கவில்லை. ஓய்வு, நல்ல காற்று, சத்துணவு இவைதாம் சிகிச்சை. அதற்காகவே ஊருக்கு வெளியே ஆரோக்கிய நிலையங்கள் எழுந்தன. மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் 1915இல் திறக்கப்பட்டது. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, பாஸ் வந்தது, 1952இல் ஐசோனியசிட் வந்தது. மருந்து வந்துவிட்டது, படுக்கைகளோ மிகச் சில. நோயாளிகள் பல இலட்சம். படுக்கை இல்லாதவனை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்த இயலுமா? இதுதான் அன்றைய கேள்வி.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடிச் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தின. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதில் 1961 வரை பணியாற்றினார். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சேர்த்தார்கள். யார் ஆரோக்கிய நிலையத்துக்குப் போவது, யார் வீட்டில் இருப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. ஒரு சாராருக்குக் கட்டில், காற்று, பால், முட்டை. மறு சாராருக்கு நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த உணவு, அன்றாட வேலை.

1959இல் முடிவு வெளிவந்தது. ஆரோக்கிய நிலையத்தில் இருந்தவர்களுள் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களுள் நூற்றுக்கு 86 பேருக்கு. வேறுபாடு சிறிதே. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் அதனால் நோய் மிகுதியாகப் பரவிவிடவில்லை. பெரியப்பாவின் தனி டம்ளரையும் தாழ்வாரத்துப் படுக்கையையும் நினைத்துக்கொண்டே அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன். உலகெங்கும் ஆரோக்கிய நிலையங்கள் மெல்ல மெல்ல மூடப்பட்டதற்கு இந்த ஆராய்ச்சியும் ஒரு முக்கிய காரணம்.

இது வெற்றி வரலாறு. இதற்குள்ளேயே மற்றொரு வரலாறும் இருக்கிறது. ஆரோக்கிய நிலையத்தில் மருந்தைக் கொடுப்பது செவிலியின் கை; வீட்டில் அதை எடுப்பது நோயாளியின் கை. கட்டிலும் காற்றும் முட்டையும் இன்றியமையாதவை அல்ல என்று ஆகிவிட்டபின், எல்லாப் பாரமும் அந்த ஒரு கையின்மேல் வந்து விழுந்தது. அது தவறாமல் எடுக்கிறதா? சேத்துப்பட்டு ஆராய்ச்சியாளர்கள் இதை நம்பிக்கையின்பாற் விடவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள்; மருந்து உடம்புக்குள் போயிருந்தால் சோதனையில் நிறம் மாறும். எண்ணிக்கையும் நிறமும் வாய்மொழியோடு எப்போதும் ஒத்துப்போகவில்லை. இலவசமாகக் கொடுத்தும், அடிக்கடி எடுத்துச் சொல்லியும், வீடு தேடிப் போயும் சிலர் மருந்தை விட்டுவிட்டுத்தான் இருந்தார்கள். நோயாளி தானே மருந்தை எடுத்துக்கொள்வதில் உள்ள இந்தச் சிக்கலை டாக்டர் ஃபாக்ஸ் 1958இலேயே ஒரு கட்டுரைக்குப் பொருளாக்கிவிட்டார்.

இதைப் படித்துவிட்டு, “படிப்பில்லாத ஏழைகள், ஆதலால் இப்படி” என்று எவரேனும் நினைத்தால் அது பிழை. கிரேக்க மருத்துவத்தின் தந்தை எனப்படும் ஹிப்பாக்ரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே, நோயாளிகள் மருந்தை உண்டதாகப் பொய் சொல்வதுண்டு, கவனமாக இரு என்று மருத்துவனுக்கு எச்சரிக்கை காணப்படுகிறது. 2003இல் உலகச் சுகாதார நிறுவனம் இப்பொருள் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. நீண்டகால நோய்க்கு மருந்து உண்பவர்களுள் அதைச் சொன்னபடி உண்பவர்கள், செல்வம் மிக்க நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தாம் என்று அந்த அறிக்கை கூறுகிறது. படித்தவர், படியாதவர் என்ற வேறுபாடு இதில் அவ்வளவாக உதவாது. நான் மருந்தே தொழிலாகக் கொண்டவன். எனக்கு இரத்த அழுத்தம். 2015 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகள் முழுகிக் கிடந்தபோது கையிருந்த மாத்திரை தீர்ந்தது. வெள்ளம் வடிந்து சாலை திறந்த பிறகும் பத்து நாள் நான் போய் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் இன்றும் எனக்கு விடை தெரியாது. உடம்பு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ‘நன்றாக இருந்தது’ என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தலைவலிக்கு மாத்திரை உண்பதற்கு எவருக்கும் நினைவூட்டு வேண்டியதில்லை, வலியே நினைவூட்டும். காசநோயில் மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் தணிகிறது, இருமல் குறைகிறது, பசி எடுக்கிறது. நோயாளியின் உடம்பு, “போதும்” என்கிறது. மருத்துவர், “இன்னும் பல மாதம்” என்கிறார். இருவருள் எவரை நம்புவது? நாற்பது ஆண்டு தன்னோடு வாழ்ந்த உடம்பையா, நான்கு நிமிடம் பார்த்த மருத்துவரையா? பெரியப்பா உடம்பை நம்பினார்.

உடம்பு ஏன் பொய் சொல்கிறது என்பதை எங்கள் ஊர் வழியில் விளக்குகிறேன். வயலில் கோரை முளைத்திருக்கிறது. மேலே தெரியும் தாளை அறுத்துவிட்டால் வயல் சுத்தமாகத் தோன்றும். சேற்றுக்குள் கிழங்கு இருக்கும். வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகள் முதலில் சாகின்றன; அதனால் நோயின் அறிகுறிகள் மறைகின்றன. மந்தமாக உறங்கிக் கிடக்கும் கிருமிகள் எஞ்சி நிற்கின்றன. அவற்றைக் கொல்லத்தான் மீதி மாதங்கள். அன்றியும், கோடிக்கணக்கான கிருமிகளுள் ஏதேனும் ஒரு மருந்துக்கு இயல்பாகவே அசையாத சில இருக்கும். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது இதற்காகவே. ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றுக்குச் சாகும். நோயாளி வாய்க்குக் கசந்ததை விட்டு எளியதை மட்டும் உண்டால், அல்லது விட்டு விட்டு உண்டால், தப்பியவை பெருகி வயல் முழுதும் அவையாகவே ஆகிவிடும். பிறகு அந்த மருந்தை முறத்தால் அள்ளிப் போட்டாலும் பயனில்லை. பெரியப்பாவுக்கு இரண்டாம் முறை நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதை அவருக்கு யாரேனும் கோரையை வைத்துச் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார் என்று நான் நினைத்ததுண்டு. கோரை அவருக்குத் தெரியாத பொருளா? ஆனால் இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தெரிந்திருப்பது ஒன்று, நாள்தோறும் செய்வது வேறு. எனக்குத் தெரியாததா இரத்த அழுத்தம்?

நம் நாட்டு வைத்தியத்திலும் ஒழுங்கு உண்டு. பத்தியம் உண்டு, அநுபானம் உண்டு. எங்கள் பாட்டி ஒரு மண்டலம் புளியும் உப்பும் நீக்கிப் பத்தியம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் பிசகவில்லை. ஆகவே நம் மக்களுக்குக் கட்டுப்பாடு தெரியாது என்று சொல்வது அநியாயம். ஆனால் மண்டலத்துக்கு ஒரு முடிவு உண்டு. முடிவில் தலைமுழுகி, பத்தியம் முறித்து, வீட்டார் நடுவில் உட்கார்ந்து உண்ணும் ஒரு நாள் உண்டு. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாம் கொடுக்கும் மருந்துக்கு அந்த நாள் கிடையாது. “எத்தனை நாளைக்கு ஐயா?” என்று கேட்கிறவரிடம் “ஆயுள் முழுவதும்” என்று சொல்லும்போது, அவர் முகத்தில் நான் கண்டது கீழ்ப்படியாமை அன்று. இனித் தான் ஒருநாளும் குணமடையப் போவதில்லை என்ற செய்தியை அந்தச் சன்னலில்தான் அவர் முதன்முதலாகக் கேட்கிறார். வீட்டுக்குப் போய் அந்த மாத்திரையைப் பார்க்குந்தோறும் அந்தச் செய்தியே அவருக்குக் காதில் விழுகிறது. உறையை அரிசிப்பானைக்குப் பின்னால் தள்ளிவைத்துவிட்டால் அன்றைக்கு அவர் நோயாளி அல்லர்.

வேறு காரணங்கள் இவ்வளவு ஆழமானவை அல்ல. ஆயினும் அவை நாள்தோறும் நிகழ்பவை. உறையின்மேல் ‘1-0-1’ என்று எழுதுகிறோம். காலை ஒன்று, பகலில் இல்லை, இரவு ஒன்று என்பது அதன் பொருள். எழுதுகிற எங்களுக்கு அது வெளிச்சம், வாங்குகிறவருக்கு இருட்டு. ஒரு முதியவர் அதை நூற்றொன்று என்று படித்து, “நூற்றொரு நாள் சாப்பிட வேண்டுமா?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார். ‘சாப்பாட்டுக்குப் பின், மூன்று வேளை’ என்று எழுதுகிறோம். விடியற்காலையில் நடவுக்குப் போய், பகலில் கஞ்சியும் இரவில் சோறுமாக இரண்டு வேளை உண்கிற பெண், மூன்றாம் வேளை மாத்திரையை எந்தச் சாப்பாட்டுக்குப் பின் உண்பாள்? அவள் நம் சொல்லை மீறவில்லை. எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிறாள். சாப்பாடு இல்லை, ஆகவே மாத்திரை இல்லை. கிருத்திகை விரதக்காரரும் அப்படியே. லால்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் முஸ்லிம் பெரியவர்களுக்கு ரமலான் மாதத்தில் இதே சங்கடம். அவர்களுள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னவர்களுக்கு, சகர் வேளைக்கும் நோன்பு திறக்கும் வேளைக்கும் ஏற்ப மருந்தை மாற்றி எழுதிக் கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன். சொல்லாதவர்கள் மாதம் முழுவதும் விட்டுவிட்டு, பிறை கண்ட பின்பு மயங்கி வந்ததையும் கண்டிருக்கிறேன்.

நீர் மாத்திரை என்று ஒன்று உண்டு. உடம்பில் மிகுந்த உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுவது. இருதயம் தளர்ந்தவர்களுக்கும் கால் வீங்குபவர்களுக்கும் கொடுப்பது. அதைக் காலையில் உண்ணச் சொல்வோம். உண்ட சில மணி நேரம் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும். திறந்த வயலில், ஆண்களும் பெண்களுமாக வேலை செய்யும் இடத்தில், ஒரு பெண் எங்கே ஒதுங்குவாள்? சிதம்பரம் பஸ்ஸில் ஏறினால் எங்கே இறங்குவாள்? வேலைக்குப் போகும் நாளெல்லாம் அந்த மாத்திரையை விட்டுவிடுகிற பெண்கள் பலர். “ஏன் விட்டாய்?” என்று ஆண்பிள்ளையான நான் சன்னலில் நின்று பலர் காதுபடக் கேட்டால் அவள் என்ன விடை சொல்வாள்? “மறந்துவிட்டேன், ஐயா” என்பாள். நாங்களும் ‘மறதி’ என்று முடிவு கட்டிவிடுவோம்.

சொல்லாமல் விட்டதனால் வரும் கேடும் உண்டு. காசநோய்க்கு இன்று கொடுக்கும் முக்கிய மருந்தாகிய ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். அதில் ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லாவிட்டால், “இரத்தமாகப் போகிறது” என்று அஞ்சி இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்கள். ஓர் இளைஞன் அப்படி நிறுத்திவிட்டு மூன்று வாரம் கழித்து வந்தான். கொடுத்தவன் நான். கூட்டம் மிகுந்த நாள். ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு நேரமில்லாமற் போய்விட்டது. அவனை அன்று நான் கடிந்துகொண்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று வகுக்கிறது. நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, அருகில் இருந்து கொடுப்பவன். இந்த நான்காமவனைப் பள்ளியில் படித்தபோது நான் பொருட்படுத்தவில்லை. சேத்துப்பட்டு ஆராய்ச்சியாளர்கள் வேறொரு வழியாக வந்து சேர்ந்ததும் இந்த நான்காமவனிடத்தில்தான். நாள்தோறும் மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதற்குப் பதிலாக, வாரம் இரு முறை மட்டும் நோயாளியை வரச் செய்து, கண்முன்னே ஐசோனியசிட்டை மிகுந்த அளவில் உண்ணச் செய்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். 1964இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில், நோயாளி தாமே நாள்தோறும் உண்ட முறையைவிட இந்த முறை நல்ல பயன் தந்தது. பிற்காலத்தில் உலகம் முழுவதும் ‘டாட்ஸ்’ என்று பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு இது ஒரு வித்து. இந்தியாவில் 1997 முதல் அது படிப்படியாகப் பரவி, 2006இல் நாடு முழுவதையும் எட்டியது.

அதில் நானும் பல ஆண்டுகள் பணி செய்தேன். பலர் பிழைத்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அருகில் இருந்து கொடுப்பது வேறு. எதிரில் நின்று கண்காணிப்பது வேறு. கரும்பு வெட்டுக்குப் போக வேண்டியவன் மாத்திரை விழுங்குவதற்காக எங்கள் வாசலில் காத்திருந்தால் அன்றைக்கு அவனுக்குக் கூலி இல்லை. மேலும் தெருவெல்லாம் அவன் எதற்காக அங்கே நிற்கிறான் என்று அறிந்துவிடும். பெண் பார்க்கும் பேச்சு நடக்கும் வீட்டில் அது சிறிய செய்தி அன்று. வீட்டுக்கு அருகிலுள்ள அங்கன்வாடிப் பணியாளரிடமோ ஆசிரியரிடமோ மருந்தைக் கொடுத்துவைத்த ஊர்களில் இந்தத் தொல்லை குறைவாக இருந்தது. 2017 முதல் வாரம் மும்முறை என்பது மாறி, பல மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையாக நாள்தோறும் உண்ணும் முறை வந்தது. இருபது பாஸ் மாத்திரை எங்கே, இந்த மூன்று நான்கு மாத்திரை எங்கே! இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், அந்தந்த ஊர்ப் பெண்களே மாத்திரையைக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற பெண்ணிடம் நீர் மாத்திரையின் சங்கடத்தைச் சொல்லலாம். என் சன்னலில் சொல்ல முடியுமா?

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நான் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொண்டேன். “தவறாமல் சாப்பிடுகிறீர்களா?” என்பது பெரியப்பாவிடம் கேட்ட கேள்வி. அதற்கு ‘ஆமாம்’ என்ற ஒரு விடைதான் உண்டு. மற்ற விடை சொல்பவன் தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறான். அதற்குப் பதிலாக, “எல்லாருக்கும் சில நாள் விட்டுப்போகிறது, எனக்கும் விட்டுப்போகிறது. உங்களுக்குப் போன மாதம் எத்தனை நாள் விட்டுப்போயிற்று?” என்று கேட்கத் தொடங்கினேன்.

அப்படிக் கேட்ட முதல் மாதத்தில் ஓர் ஆயாள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். இரத்த அழுத்தத்துக்கு ஆறு ஆண்டுகளாக என்னிடம் மருந்து வாங்கியவள். ஆறு ஆண்டுகளும் ‘ஆமாம்’ என்றவள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பலகையின்மேல் மாத்திரைகளைக் கொட்டினாள். “எண்ணிக்கோ, தம்பி” என்றாள். பதினொன்று இருந்தன. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் விட்டுப்போகிறது என்றாள். எறியவும் மனம் வராமல், திருப்பிக் கொடுக்கவும் அஞ்சி, முடிந்தே வைத்திருந்தாளாம். மருத்துவரிடம் அழைத்துப்போய்ச் சொன்னேன். இந்த மாத்திரையை இரவில் உண்டாலும் பழுதில்லை என்று அவர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். இரவில் அவள் பேரன் வீட்டில் இருப்பான், எட்டாம் வகுப்பு. அவன் கையில் உறையைக் கொடுத்து, “நீ எடுத்துக் கொடு; எடுத்துக் கொடுத்ததை மட்டும் சொல், கொடுக்காததைக் கொடுத்ததாகச் சொல்லாதே” என்றேன். அவன் சரியென்று தலையசைத்தான்.

அடுத்த மாதம் ஆயாள் வந்தபோது முடிச்சில் இரண்டே மாத்திரைகள் இருந்தன. அவை எந்தெந்த நாளுக்கு உரியவை என்பதையும் அவளே சொன்னாள். ஒன்று பேரன் பள்ளிச் சுற்றுலா போன நாள். மற்றொன்று மகள் வீட்டுக்குப் போய்த் தங்கிய நாள்.